காளான் மூட்டும் அடுப்பு

பரளச்சியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வரும், காய்ந்த குச்சிக்கு மட்டும் பஞ்சம் வராது!

பரளச்சி எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? விருதுநகர் மாவட்டத்தில், திருச்சுழித் தாலூக்காவில். திருச்சுழி என்றதும் பலருக்கு விளங்கிவிடும். ரமண மகரிஷி 1879-ல் அவதரித்த ஊர். அருப்புக்கோட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே நெய்த சேலையைக் கட்டியவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். அந்த இரண்டு ஊர்களையும் சேர்ந்த வானம் பார்த்த பூமியில்தான் பரளச்சி இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மனசு வைத்தால் பருத்தி, மிளகாய், மல்லி, சோளம், கம்பு, குதிரைவாலி எல்லாம் விளையும். மனசு வைக்காவிட்டால் வேலிக்கருவை விளையும். அதற்கு மழையும் வேண்டாம், மனிதனும் வேண்டாம்!

அறுவடை முடிந்த பிறகு இந்தச் சீமையில் மிஞ்சுவது என்ன? பருத்தி எடுத்து முடிந்த காட்டில் பருத்திமார். கதிர் அறுத்த காட்டில் சோளத்தட்டை, கம்பந்தட்டை. கண்மாயில் தண்ணீர் நின்ற வருஷமாக இருந்தால் கொஞ்சம் வைக்கோல். மாடு தின்றது போக மற்றதெல்லாம் அடுப்புக்குப் போகும். அடுப்புக்கும் போகாதது காட்டிலேயே கொளுத்தப்படும்.

"இப்போதுதான் எல்லா வீட்டிலும் காஸ் சிலிண்டர் வந்துவிட்டதே, இன்னும் என்ன விறகு அடுப்பு?" என்று பட்டணத்துச் சகோதரிகள் கேட்கலாம். வந்துவிட்டது வாஸ்தவம். ஆனால் சிலிண்டர் வீட்டிலே இருப்பது வேறு, அது தீர்ந்த அன்றைக்கே அடுத்தது வாங்கக் கையில் பணம் இருப்பது வேறு. காலைக் காப்பிக்குக் காஸ், குளிக்க வெந்நீருக்கும் கூட்டம் கூடும் சமையலுக்கும் குச்சி என்று அடுப்பங்கரையைப் பங்கு பிரித்துக்கொண்ட குடும்பங்கள் கிராமத்தில் ஏராளம். அந்தப் புகை லேசானதல்ல. வீட்டு அடுப்புப் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஊதுகுழலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கிராமத்து வீட்டுக்குத்தான் சாண எரிவாயு இருக்கிறதே? இருக்கிறது. நம் நாட்டுக்கு அது புதிதும் அல்ல. 1897-லேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதியொன்றின் கழிவிலிருந்து வாயு பிடித்து விளக்கு எரித்தார்கள். 1939-ல் டில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் என்பவர் சாணத்தை வைத்துச் சோதனை செய்தார். 1950-களில் ஜஷ்பாய் படேல் 'கிராமலக்ஷ்மி' என்று பெயரிட்டு ஒரு கலத்தை உருவாக்கினார். கதர் கிராமக் கைத்தொழில் கமிஷன் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பரப்பியது. பெரிய இரும்புக் குடம் ஒன்றைக் கவிழ்த்தாற்போல ஏறி இறங்கும் அந்தக் கலத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இதிலே ஒரு சங்கடம். கணக்கைக் கேளுங்கள். ஒரு கிலோ பசுஞ்சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 2 கன மீட்டர், அதாவது 2,000 லிட்டர் வேண்டும். அப்படியானால் தினம் 50 கிலோ சாணம். ஒரு மாடு சராசரி 10 கிலோ போடுகிறது என்று வைத்தால் தொழுவத்தில் ஐந்து மாடு நிற்க வேண்டும். ஏருக்கு டிராக்டர் வந்தபின் எந்த வீட்டில் ஐயா ஐந்து மாடு நிற்கிறது? அதோடு அந்தச் சாணத்தைக் கரைக்க 50 லிட்டர் தண்ணீர் வேறு. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலையும் ஊரில், தினம் மூன்று குடம் தண்ணீரைக் குழிக்குள் கொட்டு என்றால் கொட்டுகிறவள் நம்மை என்ன நினைப்பாள்?

'சாணம் இல்லையென்றால் போகட்டும். அந்தச் சோளத்தட்டையைக் குழியில் போட்டால் என்ன?' என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. சாணம் என்பதே மாடு தின்று, சத்தை எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று தள்ளிய மிச்சந்தானே! அதிலும் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த தட்டையில்தான் சரக்கு அதிகம்.

ஆனால் தட்டையைக் குழியில் போட்டுப் பாருங்கள். முதலில் அது முழுகவே முழுகாது. மிதந்து மேலே ஏறி, பாய் விரித்தாற்போல் படிந்து, வாயு வெளியே வரும் வழியையே அடைத்துவிடும். மாதக் கணக்கில் ஊறினாலும் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். குழிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. எதிரே சாப்பாடு இருக்கிறது. ஆனால் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது!

அந்தப் பூட்டுக்கு லிக்னின் என்று பெயர். செடியின் தண்டு மூன்று சரக்குகளால் ஆனது. செல்லுலோஸ் என்பது நீளமான நூல். சர்க்கரை அணுக்கள் கைகோத்து நிற்கும் சங்கிலி. அதைச் சுற்றிக் கட்டும் இன்னொரு நூல் ஹெமிசெல்லுலோஸ். இந்த இரண்டையும் குழியின் நுண்ணுயிர்கள் ஆசையாகத் தின்னும். தின்று, புளிக்கவைத்து, கடைசியில் மீத்தேன் என்ற எரியும் வாயுவாக விடும். மூன்றாவதான லிக்னின்தான் இந்த நூல்களின் நடுவே புகுந்து இறுகிப்போன சாந்து. சுண்ணாம்பும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துக் கட்டிய பழைய சுவர் இருக்கிறதே, கடப்பாரை போட்டாலும் பெயராதே, அந்த மாதிரி. செடி நிமிர்ந்து நிற்பதும், மரம் வைரம் பாய்வதும் இந்தச் சாந்தினால்தான். காற்றுப் புகாத குழியில் இதைக் கரைக்கும் ஜீவன் அநேகமாகக் கிடையாது.

இந்தச் சாந்தை உடைக்க ஆலைக்காரர்கள் காரம் ஊற்றுவார்கள், அமிலம் ஊற்றுவார்கள், நீராவியில் வைத்து வெடிக்க வைப்பார்கள். அதெல்லாம் பணக்கார வைத்தியம். ஏழைக்கு ஏற்ற வைத்தியர் ஒருவர் இருக்கிறார். காளான்!

மூக்கைச் சுளிக்காதீர்கள். நாம் கண்ணால் பார்க்கும் குடை காளானின் பூ மாத்திரமே. உண்மையான காளான் பஞ்சு நூல் போல வைக்கோலுக்குள்ளும் கட்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு ஜாதி, உளுத்த மரத்தைக் கறுப்பாக்காமல் வெளுக்க வைக்கும். 'வெண் அழுகல் காளான்' என்பது அவற்றுக்கு வைத்த பெயர். மரத்துக்கு நிறம் கொடுப்பது லிக்னின். அதை இவை தின்றுவிடுவதால் மிச்சம் வெள்ளையாகத் தெரிகிறது. நாம் சாப்பிடும் சிப்பிக் காளானும் இந்த ஜாதிதான்.

இது எப்படிப்பட்ட மாறுதல் என்பதற்குத் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு வேடிக்கை. சிலி நாட்டின் தெற்கே மழைக் காடுகளில், காளான் பிடித்து வெளுத்துப்போன மரக் கட்டைகளை மாடுகள் தேடிப்போய்த் தின்னும்! பிலிப்பி என்ற இயற்கை நூலார் 1893-லேயே இதை எழுதி வைத்தார். அந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'பாலோ போத்ரிதோ', அதாவது அழுகிய மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாடு மரத்தைத் தின்கிறது என்று யாராவது பரளச்சியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பூட்டு போய்விட்டால் மரமும் தீனிதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கரையானைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்லும். கரிசல் காட்டில் படப்புக்கு அடியிலும் வேலி முள்ளுக்கு அடியிலும் புகுந்து அது பண்ணும் அட்டூழியம் குடியானவனுக்குத் தெரியும். புற்றுக் கட்டும் கரையான்களில் ஒரு கூட்டத்துக்குக் காய்ந்த தட்டையைத் தானாக ஜீரணம் செய்யும் சக்தி போதாது. அது என்ன செய்கிறது? தட்டையைக் கடித்து எடுத்துப் புற்றுக்குள் கொண்டுபோய், கடற்பஞ்சு மாதிரி அடுக்கி, அதன்மேல் ஒரு காளானைப் பயிர் செய்கிறது. காளான் லிக்னினை உடைத்துப் பக்குவம் செய்த பிறகே கரையான் சாப்பிடும். மழைக்குப் பிறகு புற்றுமேட்டில் முளைக்கும் புற்றுக்காளானைப் பிடுங்கிக் குழம்பு வைக்கிறோமே, அது கரையானின் தோட்டத்துப் பூ! பல கோடி வருஷமாக நடக்கும் விவசாயம் இது.

இதிலே நமக்குப் பெருமை தரும் ஒரு விஷயம் உண்டு. கரையான் புற்றுக்குள் காளான் தோட்டம் இருப்பதை உலகத்துக்கு முதன்முதல் எழுதியவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடியில் வைத்தியராக இருந்தவர். யொஹான் கெர்ஹார்ட் கோனிக் என்று பெயர். சுவீடன் தேசத்து மகா பண்டிதர் லின்னேயஸிடம் பாடம் கேட்டவர். 1768-ல் டேனிஷ் மிஷனுக்கு டாக்டராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். தஞ்சாவூர்ச் சீமையின் புற்றுகளை வெட்டிப் பார்த்து அவர் எழுதிய நூல் 1779-ல் அச்சாயிற்று. காளானை விட்டுக் காய்ந்த குச்சியைப் பக்குவம் செய்யலாம் என்ற யோசனை தமிழ் மண்ணில் அவ்வளவு நாளாகக் கிடக்கிறது.

காளான் அந்தச் சாந்தை எப்படி உடைக்கிறது என்பது அதற்கு இருநூறு வருஷம் கழித்துத்தான் விளங்கியது. 1983-ல் அமெரிக்காவில் மாடிஸன் நகரத்து வனப் பொருள் ஆராய்ச்சிச் சாலையில் டியன், கிர்க் என்ற இருவர், வெண் அழுகல் காளானின் நூல்களிலிருந்து கசியும் ஒரு புளிப்புப் பொருளை — என்சைம் என்பார்களே, அதை — கண்டெடுத்தார்கள். பிராணவாயுவின் துணையோடு அது லிக்னினைத் துணுக்குத் துணுக்காக உடைக்கிறது. ஒன்றை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும்: பிராணவாயு வேண்டும். காளானுக்குக் காற்று இல்லாமல் முடியாது. மீத்தேன் செய்யும் நுண்ணுயிருக்கோ காற்றுப் பட்டால் ஆகாது. ஒரே அடுக்களையில் சேர்ந்து நிற்க முடியாத இரண்டு சமையற்காரிகள்! ஆகவே, ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுக்க வேண்டும். மற்றவள் உள்ளே சமைக்க வேண்டும். முதலில் வெளியே காளான், பிறகு குழிக்குள் நுண்ணுயிர்.

அதே 1983-ல் டில்லி ஐ.ஐ.டி.யில் பிஸாரியா, மதன், முகோபாத்யாய் என்ற மூவர் இதை வாயுவோடு சேர்த்துப் பார்த்தார்கள். பயிர்க் கழிவுகளில் சிப்பிக் காளான் வளர்த்து, காளானைப் பறித்துக்கொண்டு, மிஞ்சிய எச்சத்தைச் சாண எரிவாயு முறையில் போட்டார்கள். காளான் வளர்க்காத கழிவைவிட வளர்த்த கழிவு கூடுதலாக வாயு தந்தது. 1986-ல் ஜெர்மனியில் முல்லர், ட்ராஷ் என்ற இருவர் கோதுமை வைக்கோலில் வெண் அழுகல் காளான்களை வரிசையாக நிறுத்திப் பரீட்சை வைத்தார்கள். சிப்பிக் காளான் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று முதல் மார்க் வாங்கியது. அது பக்குவம் செய்த வைக்கோலிலிருந்து ஏறக்குறைய இரு மடங்கு வாயு வந்ததாம்.

பருத்திச் சீமைக்கு இன்னும் நெருக்கமாக வேலை செய்தவர்கள் மும்பாய் மாதுங்காவில் இருக்கும் மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தார். (முதலில் சொன்ன தொழுநோயாளர் விடுதியும் அதே மாதுங்காதான், அந்த மண்ணுக்கு வாயு ராசி போலிருக்கிறது!) 1924-ல் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. நூல் மில்லில் பஞ்சைச் சுத்தம் செய்யும்போது உதிரும் தூசியிலிருந்து எரிவாயு எடுக்கும் முறையையும், பருத்திமாரில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையையும் அவர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். நம் கோவை வேளாண் பல்கலைக் கழகத்தார் வேறொரு முரட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டார்கள்: தென்னை நார்க் கழிவு. எத்தனை மழை பெய்தாலும் மக்காமல் மலை மலையாகக் கிடக்குமே, அதுதான். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கு அடுக்காகத் தூவி ஈரமாக வைத்திருந்தால் அது எருவாகிவிடுகிறது. முதலில் 100-க்கு 30 பங்கு இருந்த லிக்னின் 5 பங்குக்கும் கீழே இறங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. அது எருவுக்காகச் செய்தது, வாயுவுக்காக அல்ல. ஆனால் பூட்டு ஒன்றுதானே!

இப்போது காளானின் குறையையும் சொல்லிவிட வேண்டும். காய் நறுக்க வைத்த சமையற்காரி நறுக்கும்போதே வாயில் போட்டுக்கொண்டால் எப்படி? காளான் அதைத்தான் செய்கிறது. லிக்னினை மட்டும் தின்னுகிற உத்தமி அதிலே குறைவு. செல்லுலோஸையும் கொஞ்சம் சேர்த்தே தின்னும். ஒன்றரை மாதம் விட்டுவைத்தால் வைக்கோலில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ காணாமல் போய்விடும். வாயுவாக வேண்டிய சரக்கு அது. பக்குவப்பட்ட மிச்சம் கிலோவுக்கு அதிக வாயு தருகிறது என்பது மெய். ஆனால் மிச்சமே குறைந்துவிட்டதே என்பதும் மெய். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தக் கணக்கை மெல்ல ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. இத்தனை நாள், இத்தனை தண்ணீர், இத்தனை பாடு — இவ்வளவும் வாயுவுக்காக மட்டும் என்றால், என் அபிப்பிராயத்தில், பரளச்சிக் குடியானவப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.

ஆனால் அவள் தின்ற காயை நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால்? அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. காளான் தின்றது காளானாகத்தான் வெளியே வருகிறது. அதை நாம் தின்னலாம், விற்கலாம். வைக்கோலுக்கு முதல் சம்பளம் காளான். இரண்டாம் சம்பளம் வாயு. மூன்றாவது, குழியிலிருந்து வழியும் குழம்பு வயலுக்கு எரு. முதல் சம்பளமே பாடுபட்டதற்கு ஈடாகிவிட்டால், வாயு கொசுறு!

இதைச் சொல்லும்போது பரளச்சிக்காரர்கள் வெகுதூரம் போய் வித்து தேட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையிலேயே வேளாண் பல்கலைக் கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காளான் பண்ணைகளில் 'ஏ.பி.கே. 1' என்ற சிப்பிக் காளானும் 'ஏ.பி.கே. 2' என்ற பால் காளானும் பிரசித்தம். 'ஏ.பி.கே.' என்பது வேறொன்றுமில்லை, அருப்புக்கோட்டைதான்! பால் காளான் ரகம் 1998-ல் வெளியாயிற்று. குளிரைத் தேடும் மற்றக் காளான்களுக்கு மாறாக, 30 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தாலும் குஷியாக முளைக்கும். வெயிலுக்குப் பேர்போன ஊரில் பிறந்த குணம்! ஆயினும் லிக்னினைப் பதம் பார்ப்பதில் பேர் வாங்கியது சிப்பிக் காளான்தான். ஆகவே ஐப்பசி முதல் மாசி வரையில் அதற்குத்தான் முறை.

வளர்க்கும் விதம் நம் சகோதரிகளுக்கு ஒரு பலகாரம் செய்வதைவிடக் கஷ்டமில்லை. வைக்கோலை இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் ஆறவைக்க வேண்டும். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. ஆனால் கை ஈரமாக வேண்டும். அதுதான் பதம். பாலிதீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தில் ஒரு பிடி வித்து, மறுபடி வைக்கோல் என்று அடைத்து, பையில் நாலைந்து துளை போட்டு, இருட்டான அறையில் தொங்கவிட வேண்டும். பதினைந்து, இருபது நாளில் பை முழுதும் வெள்ளை நூல் ஓடிப் பால்கோவா மாதிரி இறுகிவிடும். பிறகு ஈரச் சாக்குக் கட்டிய கொட்டகைக்கு மாற்றித் தினம் தண்ணீர் தெளித்தால் மூன்று தரம் அறுவடை. ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம். இத்தனையும் முடிந்த பிறகு பையைக் கிழித்தால், உள்ளே இருப்பது பழைய மொறமொறப்பு வைக்கோல் அல்ல. விரலால் நசுக்கினால் நசுங்கும். தண்ணீரை உறிஞ்சி முழுகும். குழியில் பாய் விரிக்காது.

இனி வீட்டுக் கணக்கு. இந்தப் பக்குவமான வைக்கோல், உலர்ந்த எடையில் கிலோவுக்கு 200 லிட்டர் வாயு தரும் என்று மட்டாகவே வைத்துக்கொள்வோம். 5 கிலோ போட்டால் 1,000 லிட்டர். 25 கிலோ சாணத்துக்குச் சமம். அதாவது இரண்டரை மாட்டுக்குச் சமம்! ஐந்து மாடு வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று மாடு போதும். மாட்டை அடியோடு தள்ளிவிட முடியாது. குழிக்கு உறை மோர் சாணத்தில்தான் இருக்கிறது. வைக்கோலில் போதாத நைட்ரஜனும் அதிலிருந்தே வர வேண்டும்.

ஆனால் தினம் 5 கிலோ எச்சம் வேண்டுமென்றால், தினம் 7 கிலோவுக்குக் குறையாத புது வைக்கோலில் காளான் போட வேண்டும். அப்படியானால் நாளொன்றுக்கு மூன்றரைக் கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை காளான் முளைக்கும். எந்த வீட்டில் அத்தனை காளானைத் தின்பார்கள்? குழம்பு, பொரியல், பிரியாணி என்று எத்தனை நாளைக்கு? இரண்டு நாள் வைத்தால் கெட்டுப்போகும் சரக்கு வேறு. ஆகவே இது ஒற்றை வீட்டுக் காரியமே அல்ல. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழு ஒன்று ஒரே கொட்டகை போட்டு, காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ காளானை அனுப்பிவிட்டு, எச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டால்தான் ஈடாகும். விற்க வழி தெரியாமல் கொட்டகை போடுகிறவர்களுக்குக் காளானும் மிஞ்சாது, காஸும் மிஞ்சாது.

தண்ணீரை மறந்துவிடவில்லை. 7 கிலோ வைக்கோலை ஊறவைக்க, தெளிக்க எல்லாமாகச் சேர்ந்து ஒன்றிரண்டு குடமாவது ஆகும். ஆனால் பாதிச் சாணத்தைக் குறைத்ததால் அதைக் கரைக்கும் தண்ணீரில் 25 லிட்டர் மிச்சம். வைக்கோல் ஊறிய தண்ணீரையே சாணம் கரைக்க வைத்துக்கொள்ளலாம். குழியிலிருந்து வழியும் குழம்பைச் சாக்கில் வடித்து, அந்த நீரில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடுவதும் உண்டு. சித்திரை, வைகாசியில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது கொட்டகைக்கு விடுமுறை விடுவதுதான் புத்திசாலித்தனம்.

பருத்திமாரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சிறு துண்டாகச் சிதைத்தால் காளான் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து உங்களுக்குத் தெரியாததல்ல. மருந்து குடித்த மாரில் முளைத்ததைக் குழந்தைகளுக்குச் சமைத்துப் போட எனக்கு மனசு வராது. அப்படிப்பட்ட மாரில் நூல் ஓடவிட்டு, குடை விரியும் முன்பே, மூன்று நாலு வாரத்தில் குழியில் தள்ளிவிடலாம். இதிலே முதல் சம்பளம் கிடைக்காது. கொளுத்திவிடும் சரக்குதானே என்ற ஆறுதல் உண்டு.

கொட்டகைக்குள் போகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். சிப்பிக் காளான் முற்றினால் கண்ணுக்குத் தெரியாத தூளை வாரி இறைக்கும். நாள் கணக்கில் அதைச் சுவாசித்தால் இருமலும் காய்ச்சலும் மூச்சு முட்டலும் வரும். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிட்டால் தூளும் குறைவு, ருசியும் அதிகம். படுக்கிற அறையிலே பையைத் தொங்கவிடுவது கூடவே கூடாது. அடுப்புப் புகையிலிருந்து நெஞ்சைக் காப்பாற்றக் கிளம்பி, காளான் தூளிடம் அகப்பட்டுக்கொண்டால் என்ன பிரயோசனம்?

பட்டணத்து வாசகிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? உங்கள் வீட்டுச் சோற்றுப் பருக்கைக்கும் காய்கறித் தோலுக்கும் காளான் தேவையே இல்லை. அவற்றில் பூட்டே கிடையாது. புனேயில் ஆனந்த் கார்வே என்பவர் 2003-ல் சமையலறை மிச்சத்தைக் கொண்டே ஓடும் சிறு கலம் ஒன்றை அமைத்துக் காட்டினார். மொட்டைமாடியில் இரண்டு தொட்டி வைக்க இடமிருந்தால் போதும். காளானைக் கூப்பிட வேண்டியது வாழைச் சருகு, தேங்காய் மட்டை, வாசலில் குவியும் உலர்ந்த இலை முதலான முரட்டுச் சரக்குகளுக்குத்தான்.

இரண்டு சமையற்காரிகளும் ஒரே அடுக்களையில் நிற்க முடியாது என்றேன் அல்லவா? அதற்கும் ஒரு விலக்கு உண்டு. 1975-ல் இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின் என்பவர் செம்மறி ஆட்டின் முதல் வயிற்றை ஆராய்ந்தபோது, அதில் துள்ளி நீந்திய சில ஜீவன்களைக் கண்டார். அதுவரை எல்லோரும் அவற்றை வேறு ஏதோ பிராணி வர்க்கம் என்று நினைத்திருந்தார்கள். அவை காளான் விதைகள்! காற்றே இல்லாத இடத்தில் வாழும் காளான். ஆடு, மாடுகளின் வயிற்றுக்குள் முரட்டு நாரைத் துளைத்துக்கொண்டு போய், மற்ற நுண்ணுயிர்களுக்கு வழி திறந்துவிடுவது இதுதான். இதை நேரே எரிவாயுக் குழியில் விட்டால் கொட்டகையும் வேண்டாம், பையும் வேண்டாமே என்று பல தேசத்து விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். கொஞ்ச நாள் வாயு கூடுகிறது. பிறகு குழிக்குள் அந்தக் காளான் தங்காமல் மறைந்துபோகிறது. ஆட்டு வயிற்றின் சுகம் குழியில் இல்லை போலும்! அதற்கு வழி கண்டுபிடிக்கும் வரையில், அந்த வித்தை பரளச்சி ஆட்டு மந்தைக்குள்ளேயே இருக்கும்; காலையில் வேலிக்கருவை நெற்று பொறுக்கப் போய்விட்டு, பொழுது சாயக் கிடைக்குத் திரும்பிவரும்.